சுருங்காத மேடை

சாமியப்பன் என் பெரியம்மாவின் பேரன். பெரியம்மாவுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்பு, பெண்கள் நாலு பேர். மூன்றாமவளின் கடைக்குட்டி இவன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எதையும் அளக்காமல் விட மாட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் கலைமகளைப் பார்த்துவிட்டு, “ஸ்மால் சைஸுங்க சின்னம்மா” என்று என் காதில் சொன்னவன்.

கலைமகளும் கம்பெனிக்குப் போகிறவள்தான். செக்கிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டு துணியில் ஓட்டை தேடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல் மேடை நெஞ்சுக்கு நிற்கும், உப்பு டப்பா அதற்கும் மேலே. வலது தோள் பிடித்துக்கொண்டது. “தோளைத் தூக்கியே வேலை செய்தால் கம்பெனி வேலையையும் விட வேண்டியதுதான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுதான் அவளுக்குப் பயம். இருபது வருஷமாகச் சொந்தக் காலில் நிற்கிறவள் அவள்.

“உனக்கு அளவெடுத்துச் சமையலறை கட்டறேன் பாரு” என்றான் சாமியப்பன்.

சட்டைக்கு நிறுத்துவது போல அவளைச் சுவரோரம் நிறுத்தினான். கையை மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான். தினம் எடுக்கிற சாமானெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் வர வேண்டும் என்று சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டான். அடுப்பிலிருந்து தொட்டிக்கு இரண்டே எட்டு. முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே மேடை. கூட்டிக் கழித்ததில் முப்பத்திரண்டு அங்குலம் வந்தது. எல்லாவற்றையும் எழுதி வேலுமணி மேஸ்திரியிடம் கொடுத்தான். வேலை நடந்த இருபது நாளும் கலைமகள் தன் அம்மா வீட்டிலிருந்தே கம்பெனிக்குப் போய் வந்தாள்.

பால் காய்ச்சுகிற அன்று நானும் போயிருந்தேன். எல்லோருக்கும் சந்தகை செய்யலாம் என்று அரிசி மாவை அவித்து, சூடாக அச்சில் போட்டாள். மேலேயிருந்து அழுத்தினால்தானே நூல் நூலாக இறங்கும்? அவள் குதிகால் தூக்கி நின்றும் ஒரு நூல் இறங்கவில்லை. முழங்கை இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன.

“நானென்ன கோழிங்களா, றெக்கைய விரிச்சுட்டு நிக்கறதுக்கு?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கை தோளைப் பிடித்திருந்தது.

சாமியப்பன் டேப்பை வைத்துப் பார்த்தான். முப்பத்தைந்து! மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டான்.

வேலுமணி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். “நீங்க எழுதுனதுதானுங்க மாஸ்டர். முப்பத்தஞ்சு. கூடவுமில்லீங்க, கொறையவுமில்லீங்க.”

சாமியப்பன் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல, “சுருக்கத்துக்கு ஒண்ணரை, மடிப்புக்கு ஒண்ணரை சேத்திப்போட்டேன்” என்றான்.

துணி துவைத்தால் சுருங்கும், ஓரம் மடித்துத் தைக்க வேண்டும் என்று எந்த அளவிலும் கொஞ்சம் கூட்டியே வெட்டுகிற கை அது. மேடைக்கும் கூட்டிவிட்டது.

“கிரானைட்டு எத்தனை தண்ணியில சுருங்குமுங்க?” என்று கலைமகள் கேட்டதும் வேலுமணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கல்லைப் பெயர்த்தால் உடைந்துவிடும். கட்டிலை விற்றாவது புதுக்கல் போடுகிறேன் என்று சாமியப்பன் புலம்பினான். கலைமகள் அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில் மீந்து கிடந்த செங்கல் இரண்டைக் கொண்டுவந்து தரையில் படுக்கப் போட்டாள். ஏறி நின்று அச்சை அழுத்தினாள். தோள் அசையவில்லை. தட்டில் சந்தகை சுருண்டு விழுந்தது.

“மேஸ்திரி, உள்ள வாங்க!” என்று கூப்பிட்டாள். “மேடை இருந்தபடி இருக்கட்டுமுங்க. தரைய மூணங்குலம் ஏத்திப்போடுங்க.”

“அப்ப சாமான் வெக்கற அலமாரி கீழ போயிருமே?” என்றான் சாமியப்பன்.

“அதுக்கும் சுருக்கம் சேத்தித்தான எழுதியிருப்பீங்க?”

அவன் அலமாரிக்கு டேப்பை வைத்தான், அங்கேயும் மூன்று அங்குலம் கூட.

தரை ஏறியது. டாக்டர் தந்த மாத்திரை தீர்ந்தும் அவள் மறுபடி வாங்கவில்லை, கம்பெனிக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். ஆனால் சமையலறை வாசலில் இப்போது புதிதாக ஒரு படி. சாமியப்பன் தினமும் இடித்துக்கொள்கிறான். போன வாரம் நானும் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, “என்ன ஊடு கட்டுனீங்க!” என்று கத்தினேன்.

“பாத்து வாங்க அத்தை,” என்றாள் கலைமகள் அடுப்பிலிருந்து திரும்பாமலே. “இது எனக்குத் தெச்ச ஊடுங்க.”