மாம்பழம் பட்ட மாற்றுக் கருவிழி: நெரவியிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஓர் அவசர ஓட்டம்

இந்த ஆனியில், மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள் காலை, நானும் என் மனைவி மல்லிகாவும் காரைக்கால் பக்கத்து நெரவியிலிருந்து பாண்டிச்சேரிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். ஊர் சுற்ற அல்ல. கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, காப்பிக் கடை என்று படிக்க வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வலது கண்ணில் இன்னொருவர் தந்த கருவிழியோடு திரியும் ஐம்பத்து மூன்று வயது ஆசாமி, அந்தக் கருவிழி சிவந்து மங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை இது. கண்ணுக்காக இதே சாலையில் போய்வரும் காரைக்கால்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் முன்கதை. போன வருடம் தை மாத அறுவடையில், குரும்பகரம் பக்கம் அறுப்பு மெஷினுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டிருந்தேன். காற்று வாங்குகிற ஆசை. நெல் சுணை கண்ணில் விழுந்தது. நேராக மருந்துக் கடைக்குப் போய், டாக்டர் மாதிரி நானே ஒரு சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி நாலு நாள் விட்டேன். அது ஸ்டீராய்டு. சுணையோடு உள்ளே போயிருந்ததோ பூஞ்சை. அதற்கு இலை போட்டுப் பாயசத்தோடு பரிமாறியது மாதிரி ஆகிவிட்டது. கருவிழியில் புண். பாண்டிச்சேரியில் புண்ணைச் சுரண்டிப் பரிசோதித்து, மணிக்கொரு தரம் பூஞ்சை மருந்து விடச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் புண் ஆறியது. ஆனால் கருவிழிக்கு நடுவில் சுண்ணாம்பு அப்பியது போல ஒரு தழும்பு. கார்த்திகையில் அதை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்த கருவிழியை வைத்துப் பதினாறு தையல் போட்டார்கள். தலைமுடியை விட மெல்லிய இழை.

தந்தவர் யார் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கருவிழிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளை. மரியாதை குறையக்கூடாது, ஆனால் என் உடம்புக்கு அவர் வெளியாள், எந்த நேரமும் அது அவரை வம்புக்கு இழுக்கும். அந்தச் சண்டையை அடக்கத்தான் தினமும் சொட்டு மருந்து. “செவந்தாலோ, வலிச்சாலோ, கூசினாலோ, மங்கினாலோ அன்னைக்கே கிளம்பி வரணும். நாளைக்குன்னு தள்ளக்கூடாது” என்று ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்.

இனி மாம்பழம். எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் பிடிப்பார்கள். பிடித்த பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. “ஓரமா நின்னு ஒரே ஒரு பழம் மட்டும் பிடிச்சிட்டு வந்துடுங்க” என்று மல்லிகா சொன்னாள். ஓரமாகத்தான் நின்றேன். டாக்டரம்மா போடச் சொன்ன பாதுகாப்புக் கண்ணாடியில் வியர்வை படர்ந்தது, துடைக்கக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து ஒரு பழுத்த பங்கனப்பள்ளி. கிரிக்கெட்டில் ஒரு கேட்ச் கூடப் பிடிக்காதவன் நான். இதையும் கையால் பிடிக்கவில்லை, புருவத்தால் பிடித்தேன்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் எழுந்தபோது கண் செவசெவ என்றிருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. எதிரே நின்ற மல்லிகா, ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்பவள் போலத் தெரிந்தாள்.

“மங்குதா?” என்றாள்.

“கொஞ்சம்.”

அவள் அடுத்த நொடியே பஷீர் பாய்க்குப் போன் போட்டாள்.

பஷீர் பாய் பதினோரு வருடம் துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்து இங்கே கார் வைத்திருப்பவர். காலை ஏழே கால் மணிக்குக் கிளம்பினோம். சுமார் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். போக வர வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸில் ஆளுக்கு நூற்றுச் சொச்சம்தான். ஆனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழக்கமான பரிசோதனைக்குப் பஸ் போதும், சிவந்த கண்ணோடு போகாதீர்கள். காரில் ஏறியதும் ஏ.சி. காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள். கண் காய்ந்தால் தையல் உறுத்தும்.

எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் சரக்கு மலிவு என்பது நாடறிந்த விஷயம். கறுப்புக் கண்ணாடி, சிவந்த கண், மடியில் ஐஸ் டப்பா. போலீஸ்காரருக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“டப்பாவுல என்னாங்க?”

“மருந்துங்க. கண்ணுல விடுறது.”

திறந்து பார்த்தார். சுண்டுவிரல் அளவில் நாலு பாட்டில். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். மூடிக் கையில் கொடுத்துவிட்டு, “பாத்து கூட்டிட்டுப் போங்கம்மா” என்றார் மல்லிகாவிடம். ஐம்பத்து மூன்று வயதில் என்னைக் ‘கூட்டிக்கொண்டு’ போகிறார்கள்!

தரங்கம்பாடி தாண்டியதும் மல்லிகா மெல்ல ஆரம்பித்தாள். “இந்தா பாருங்க, மாம்பழம்னு சொல்லாதீங்க. டாக்டரம்மா வெளுத்துடுவாங்க. கதவு இடிச்சிட்டுன்னு சொல்லுங்க.”

“எந்தக் கதவுன்னு கேட்டா என்னாக்கா சொல்லுவீங்க?” என்றார் பஷீர் பாய், ரோட்டைப் பார்த்தபடி.

“பீரோ கதவு.”

“பீரோ கதவு எப்படிக்கா புருவத்துல இடிக்கும்? அண்ணன் பீரோவுக்குள்ள என்னா தேடினாரு?”

“நீங்க வண்டிய ஓட்டுங்க பாய்.”

சீர்காழியில் டீ குடிக்கும்போது பாத்ரூம் கதவுதான் நல்லது என்று நான் முடிவு செய்தேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். சிதம்பரத்துக்கு மேல் நாலுவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் இடது கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் லாரிகள் எல்லாம் பஞ்சுப் பொதிகளாக வந்தன. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டால்? இரண்டாம் முறை வைக்கலாம், ஆனால் முதல் முறை அளவுக்கு ஒட்டாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கார்த்திகையில் கட்டுப் பிரித்த அன்று, அதே வார்டில் மறு முறைக்காகக் காத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பத்தரைக்கு ஆஸ்பத்திரி. ‘கருவிழி மாற்றினவர், கண் சிவப்பு’ என்று முன்வாசலிலேயே சொன்னால் வரிசையில் நிற்க வைப்பதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மஞ்சள் மருந்து விட்டு, நீல விளக்கில் பார்த்தார். “அடி ஏதும் பட்டுச்சா?”

“கதவு இடிச்சிட்டுங்க.”

“எந்தக் கதவு?”

“பீரோ” என்றாள் மல்லிகா. “பாத்ரூம்” என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். “சார், கதவு விளிம்பு உரசினா ஒரு மாதிரி பாப்பேன். கனமா, உருண்டையா எதாவது மோதியிருந்தா ஒட்டின இடம் விட்டிருக்கலாம், உள்ள விழித்திரை வரைக்கும் பாதிச்சிருக்கலாம். அதுக்கு வேற டெஸ்ட். எது பட்டுச்சுன்னு சொல்லுங்க, நேரமாகுது.”

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா அழுதுவிட்டாள். “மாம்பழங்க. நான்தான் அனுப்பினேன். பொண்ணுக்காக. அவரு வேண்டாம்னாரு.”

நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாளே கிளம்பத் தயாராக இருந்தவன் நான். அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

அவர் சீட்டில் எழுதப் பேனாவை எடுத்தார். “எவ்வளவு பெரிய பழம்?”

கையால் காட்டினேன். திட்டவில்லை. கண் பாப்பாவை விரிய வைத்து, ஸ்கேன் எடுத்து, மறுபடி விளக்கில் பார்த்தார். ஒட்டிய வரி விடவில்லை. விழித்திரை பத்திரம். ஒரு தையல் மட்டும் தளர்ந்திருந்தது. அதோடு உடம்பும் மாப்பிள்ளையிடம் சண்டையைத் தொடங்கியிருந்தது. தளர்ந்த இழையை அங்கேயே எடுத்தார். ஒரு ஊசி, மணிக்கொரு தரம் ஸ்டீராய்டு சொட்டு. எந்த மருந்தை நானே வாங்கி விட்டுக் கண்ணைக் கெடுத்தேனோ, அதே வகைதான் இப்போது கண்ணைக் காப்பாற்ற. ஆனால் இந்த முறை டாக்டர் பார்த்துச் சொல்லி.

“திரும்பத் தெளியுங்களா?” என்று மல்லிகா கேட்டாள்.

“சீக்கிரம் வந்திருக்கீங்க. பாப்போம்மா.”

அந்தப் ‘பாப்போம்மா’வோடு பக்கத்து லாட்ஜில் இரண்டு நாள். அறை வாடகை நாளுக்கு எண்ணூறு, சுமாரான குளியலறை, கீழே நல்ல இட்லி. மல்லிகா போனில் அலாரம் வைத்துக்கொண்டு சொட்டு விட்டாள். தினமும் காலையில் ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் “வீக்கம் இறங்குது” என்றார்கள். ஊருக்கு வந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பஸ்ஸில் போனால் கதவுப் பக்கத்து இருக்கை வேண்டாம், தூசி. சொட்டு மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தையல் எடுத்த பிறகும் ஒட்டிய வரி பழைய பலத்துக்கு வராதாம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். டாக்டரிடம் பொய் சொல்லப் போகிறீர்கள் என்றால், குறைந்தபட்சம் ஒரே பொய்யாகச் சொல்லுங்கள். அதை விட, உண்மையைச் சொல்லிவிடுங்கள், நேரம் மிச்சம்.

நாலு வாரம் கழித்து மறு பரிசோதனைக்குப் பஸ்ஸிலேயே போனோம். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். டாக்டரம்மா “தெளிஞ்சிருக்கு” என்று மட்டும் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நின்றிருந்த பஸ்களின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன். விழுப்புரம். கடலூர். சிதம்பரம். காரைக்கால்.

“சத்தம் போடாதீங்க, எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க” என்று மல்லிகா என் சட்டையை இழுத்தாள்.

“பாக்கட்டும் மல்லிகா,” என்றேன். “நானும்தான் பாக்குறேன்.”