தேவாலய வாசலில் இன்னொருத்தி

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒரு சொல் மாறாமல் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றவள் நான். அந்தக் குரல் கேட்டது என் காதோரம். கற்பனையாக இருந்தால் இன்றும் இப்படித் தலைகுனிந்து நடக்க மாட்டேன்.

எங்கள் ஊர் லண்டனிலிருந்து நான்கு நாள் நடை. மகாராணி அங்கே வந்ததே இல்லை. அவருடைய சிப்பாய் ஒருவனைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. தேவாலயத்தில் முன்பு சிலுவை இருந்த இடத்தில் இப்போது அவருடைய சிங்க முத்திரையை வரைந்திருந்தார்கள். அதன் கீழே நின்று, அரசுக்குக் கீழ்ப்படிவது எப்படி என்று பாதிரியார் வாசிப்பார். மற்றதை எங்கள் காதுகளே பார்த்துக்கொண்டன. ராணியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால், கேட்டவர் போய் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கும் தண்டனை.

பக்கத்து வீட்டு ஏவிஸும் நானும் சேர்ந்து பீர் காய்ச்சி விற்று வந்தோம். ஒருநாள் அண்டாவைக் கிளறிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"அடியே தாம்சின், விஷயம் தெரியுமா? கன்னி ராணியாம், கன்னி ராணி! குழந்தை ஒண்ணு பிறந்து, காதும் காதும் வச்ச மாதிரி யாருக்கோ கொடுத்துட்டாங்களாம்."

"மெதுவாடி! சுவருக்குக் கேட்கப் போகுது."

"சுவரு போய்ச் சொல்லாது. உன் வாயைத்தான் நம்ப முடியாது."

அவள் சொன்னது சரிதான். அது என் வயிற்றில் தங்கவில்லை. ஊசி நூல் விற்க வந்த ஒருவனிடம் சிரித்துக்கொண்டே உளறிவிட்டேன். அவன் நேராக மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போனான்.

"யார் சொல்லிக் கேட்ட?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஞாபகம் இல்லீங்க ஐயா."

"வர வைக்கிறேன். மூணு ஞாயிறு வெள்ளைத் துணி சுத்திக்கிட்டு, வெறுங்காலோட தேவாலய வாசல்ல நில்லு. கடைசி ஞாயிறு சபை முன்னால அந்தப் பேரைச் சொல்லணும். சொல்லலேன்னா, சந்தைக் கம்பத்தோட சேர்த்து உன் காதுல ஆணி இறங்கும்."

அன்று சாயங்காலம் ஏவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லிடாதடி. நாலு பிள்ளைங்க எனக்கு."

"அப்போ யார் பேரைச் சொல்ல? என் காது போகட்டுமா?"

"பெர்னல் பேரைச் சொல்லு. அவதான் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாளே. செத்தவ காதுல யாரு ஆணி அடிப்பா?"

பெர்னல் ஊர்க்கோடியில் நூல் நூற்றுப் பிழைத்தவள். ராணியைப் பற்றி ஏதோ பேசினாள் என்று அவளையும் இதே வாசலில் நிறுத்தினார்கள். குளிரில் காய்ச்சல் கண்டு செத்தாள். உறவென்று யாரும் இல்லை. பழி போட வசதியான ஆள்.

"சரி" என்றேன். சொல்லும்போதே கூசியது. ஆனாலும் சொன்னேன்.

முதல் ஞாயிறு. ஜனவரிக் குளிர். தேவாலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஹம்ஃப்ரி என் மேல் துணியைச் சுற்றி, கையில் வெள்ளைக் கோலைக் கொடுத்தார்.

"தலையை நிமிர்த்தாதே. அக்கம்பக்கம் பார்க்காதே. பார்த்தா இந்த ஞாயிறு செல்லாது."

ஊரே என்னைக் கடந்து உள்ளே போனது.

"பாருங்கப்பா, பீர்க்காரி மோர் மாதிரி வெளுத்துட்டா!"

"புளிச்ச மோர்!"

சிரிப்பு. நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி ஓய்ந்தது. வாசல் காலியானது.

அப்போதுதான் கவனித்தேன். எனக்கு இடப்பக்கம், இரண்டு முழம் தள்ளி... இன்னொரு ஜோடிக் கால். அதுவும் வெறுங்கால். அதன் மேல் வெள்ளைத் துணியின் ஓரம்.

என்னைப் போலவே மாட்டிய இன்னொருத்தி என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அவமானத்துக்கு ஒரு துணை கிடைத்ததே என்று நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் ஞாயிறு அந்தக் கால்கள் ஒரு முழத்தில் இருந்தன.

துணியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு... சொட்டு... மழை இல்லை. தரையெல்லாம் கல்லாக உறைந்து கிடந்தது. ஓரம் முழுக்கச் சேறு.

யாரோ பனியை உருட்டி எறிந்தார்கள். எல்லாம் என் மேலேயே விழுந்தது. இடப்பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

என் மூச்சு புகையாகப் போனது. அந்தப் பக்கம்... புகையே இல்லை.

"யாரும்மா நீ?" என்று கிசுகிசுத்தேன்.



சொட்டு... சொட்டு...

மூன்றாம் ஞாயிறு என்னை உள்ளே அழைத்துப் போய், சிங்க முத்திரைக்குக் கீழே நிறுத்தினார்கள். சபை நிறைந்திருந்தது. ஏவிஸ் முன்வரிசையில். அவள் கண் என் உதட்டை விட்டு அகலவில்லை.

"மகளே," என்றார் பாதிரியார். "மகாராணியைப் பற்றிய அந்தப் பொய்யை உனக்குச் சொன்னது யார்?"

இடது தோளில் குளிர் ஏறியது.

ஈரத் துணி ஒன்று என் கையை உரசியது.

நான் திரும்பவில்லை.

வாயைத் திறந்தேன். பெர்னல் என்று சொல்லத்தான் திறந்தேன்...

"ஏவிஸ்."

காதோரம். இடப்பக்கம்.

சபை முழுக்க என்னைப் பார்த்தது.

நான் இல்லை என்று கத்த நினைத்தேன். சத்தம் வரவில்லை.



ஏவிஸை எழுப்பி நிறுத்தினார்கள். அவள் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றிலிருந்து மூன்று வாரம் அவள் நிற்க வேண்டும் என்று அங்கேயே தீர்ப்பானது.

துணியைத் திருப்பிக் கொடுத்தபோது கோயில்பிள்ளையிடம் கேட்டேன்.

"இன்னொருத்தி துணியை வாங்கிட்டீங்களா ஐயா?"

"எந்த இன்னொருத்தி?"

"என் பக்கத்துல நின்னாளே."

"குளிர்ல மூளை உறைஞ்சு போச்சா? நீ ஒருத்திதான் நின்ன. இருக்கிறதே ஒரு துணி. அதுவும் உனக்காகப் புதுசா வாங்கினது. பழசுலதான் பெர்னலைச் சுத்திப் புதைச்சோம். அவளுக்குத் துணி வாங்கித்தர ஆளேது? குழிக்குள்ள வேற தண்ணி ஊறிக் கிடந்துது. அப்படியே இறக்கிட்டோம்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கணப்பைக்கூட மூட்டவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஏவிஸ்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நான் சொல்லலடி. சத்தியமா என் வாய்ல இருந்து வரல. நான் அந்தப் பேரைத்தான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஊரே உன் குரல்னு சொல்லுது. எனக்கு மட்டும் அது யார் குரல்னு தெரிஞ்சுது."

அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"தாம்சின், போன வருஷம் பெர்னல் ராணியைப் பத்தி எதுவுமே பேசல. பேசினது நான். அவ கேட்டுட்டா. எங்கே போய்ச் சொல்லிடுவாளோன்னு பயந்து, நான் முந்திக்கிட்டுப் போய் அவ பேசினதா மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லிட்டேன். மூணு ஞாயிறும் நான் கடந்து போறப்பெல்லாம் அவ கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தா. வாயே திறக்கல."

என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. அதே பெண்ணின் மேல் இரண்டாம் முறை பழி போட வாய் திறந்தவள்தானே நான்? எந்த முகத்தோடு திட்டுவது?

போகத் திரும்பியவள் நின்றாள்.

"உனக்கு எந்தப் பக்கம் நின்னா?"

"இடப்பக்கம்."

 ஏவிஸின் கழுத்து அசையாமல் விறைத்திருந்தது. என்னை மட்டுமே பார்த்தாள்... வேறெங்கும் பார்க்கவில்லை.

"எனக்கு வலப்பக்கம் நிக்கிறாடி" என்றாள்.