ஒட்டியிருந்த இரண்டு தாள்கள்

2012-ஆம் ஆண்டு மழைக்காலம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கணவர் வளைகுடாவில் இருந்ததால் மாமியாரும் நானும்தான் துணை. மாமனாருக்கு வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. மற்றவர் பேசுவது எவ்வளவு புரிகிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை.

"அண்ணனுக்கு இனி ஒண்ணும் மனசிலாவாது மதினி. இந்தக் கை கால் பயிற்சியெல்லாம் எதுக்கு? வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று அவர் தலைமாட்டில் நின்றே சொன்னார் மாமனாரின் தம்பி. மாமியாரும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் உண்டு. கல்யாணமாகி வந்தபோது என் பெட்டியில் புடவைக்கு அடியில் கௌபாய் புத்தகங்கள் இருந்ததை வைத்து அந்த வீட்டில் கேலி ஓய்ந்ததே இல்லை. பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த கறுப்பு வெள்ளைக் கதைகள். நாயகன் பறக்க மாட்டான். குதிரை செத்தால் நடப்பான், குண்டு பட்டால் நொண்டுவான். ஆஸ்பத்திரியில் பொழுது போக வேண்டுமே என்று புதிதாக வந்த ஒன்றை எடுத்துப் போயிருந்தேன்.

ஒரு மத்தியானம் மாமனார் அந்த அட்டைப் படத்தையே பார்ப்பது போல இருந்தது. அவருக்கும் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்து மெதுவாகப் புரட்டினேன். பாதிக் கதையில், நான் திருப்பிய தாளை அவர் இடது கையால் பின்னால் தள்ளினார். மறுபடி திருப்பினேன், மறுபடி தள்ளினார்.

"தண்ணி வேணுமா மாமா?" என்றேன். அசைவில்லை.

"கை சும்மா ஆடுது மக்கா, விட்டுரு" என்றார் மாமியார்.

இன்னொரு முறையும் தள்ளினார். பார்வையில் நல்ல கோபம். அப்போதுதான் நானே படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் நாயகன் மலையுச்சியில் நிற்கிறான். அடுத்த பக்கத்தில் கைகள் கட்டப்பட்டு ஆற்றங்கரையில் கிடக்கிறான். நடுவில் இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. பறக்கிற நாயகனாக இருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இவன் நம்மைப் போல மனிதன், அவ்வளவு உயரத்திலிருந்து எப்படிக் கீழே வந்தான் என்று தெரிந்தாக வேண்டும். சின்ன வயதிலிருந்து படிக்கும் நான் கவனிக்காமல் போனதை, முதன்முதலாகக் காமிக்ஸ் பார்க்கும் மாமனார் விடவில்லை.

கொண்டை ஊசியால் ஓரத்தைக் கிழித்து விரித்தேன். கயிறு அறுந்து அவன் விழுவதும் எதிரிகள் பிடிப்பதும் உள்ளே இருந்தன. மாமனார் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பிறகு தாளை அவரே திருப்பினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை மாமியாரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ, நாம இங்க நின்னு பேசினதெல்லாம் இவரு கேட்டுட்டுதான கிடந்திருக்காரு?" என்றார் மெதுவாக.

மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சு அன்றோடு நின்றது. பயிற்சி தொடர்ந்தது, பேச்சு கொஞ்சம்தான் திரும்பியது. ஒருவருக்கு ஒன்றும் புரியாது என்று யாராவது சொன்னால், அவருக்கு நாம் காட்டாமல் விட்டது என்ன என்று தேடாமல் இன்றும் என்னால் இருக்க முடிவதில்லை.