ஆறாவது துளை

மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிகளில் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகும் குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். உச்சியில் ஏதோ இருமல் டானிக்கின் படம். அதன் கீழே பேனாவால் ஏழு கட்டங்கள் போட்டு, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொன்றிலும் காலை, நைட், ஆஃப் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது. ஹெப்பகோடியில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் கதவில் அதை ஒட்டிவிட்டுப் போனவர் கீழ்வீட்டு சிஸ்டர். ஏறக்குறைய ஒரு மாத காலம், வாரத்துக்கு ஒரு தாளாக, என் வீட்டில் எந்த நேரத்தில் சத்தம் எழலாம், எப்போது எழக்கூடாது என்பதை அந்தக் கட்டங்கள்தான் தீர்மானித்தன.

சிஸ்டருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் கோலார் தங்கவயலான கேஜிஎஃப்பில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய பழைய வரிசை வீடு ஒன்றில் இருந்தார்கள். லீவு கிடைக்கும் வாரங்களில் பஸ்ஸும் ரயிலும் மாறி அங்கே போய்விட்டு வருவார். வீட்டுச் சொந்தக்காரர், பால்காரர், எதிர்க்கடைக்காரர் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியவே நாலு மாதமாயிற்று. தெரிந்த பிறகும் நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் தொம்மலூரில். அண்ணன் குடும்பம் பெருகி வீட்டில் இடம் போதாமல் போனபோது, எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த என் அலுவலகத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஹெப்பகோடிக்கு வந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. நாள் முழுக்க உழைத்த பிறகும் கையால் தொட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாத வேலை அது. என்னிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த, மூன்று சிலிண்டர் வண்டி. ஒரு நாள் அதன் கேஸ்கெட் போய், எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றியதுதான் கழற்றினோம், இணையத்தில் மாதக்கணக்காகப் பார்த்து வைத்திருந்த வேலையைச் செய்துவிடுவோமே என்று எனக்கு ஆசை வந்தது. மெக்கானிக்கிடம் சொல்லி, அந்த அலுமினிய ஹெட்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றும் பெட்ரோலும் உள்ளே போக மூன்று துளைகள், புகை வெளியே வர மூன்று துளைகள், ஆக அந்த ஹெட்டில் ஆறு துளைகள். அச்சில் வார்த்தவை என்பதால் அவற்றின் உட்சுவர் மேடும் சொரசொரப்புமாக இருக்கும். சின்ன கிரைண்டரில் உருண்டை முனையை மாட்டி அந்த மேடுகளைச் சீவி, வளைவுகளை இழைத்து, எமரித் தாளால் தேய்த்துவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும் என்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். கை ஒரு நூல் நழுவினால் வால்வு உட்காரும் விளிம்பு காயப்படும். அதிகம் சீவினால் சுவர் மெலிந்துவிடும், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. மெக்கானிக் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், ஜாஸ்தி குடையாதீர்கள் சார் என்று.

முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு கிரைண்டரை ஓட்டினேன். பல் டாக்டரின் ராவும் கருவியைப் பத்து மடங்கு பெரிதாக்கியதுபோல் ஒரு சத்தம். கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சிஸ்டர் நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தம்பி, நைட்டு டூட்டி முடிச்சிக்கினு வந்து இப்பத்தான் படுத்தேன். உங்க மிஷினு என் தல மேலயே ஓடுது."

நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன், இந்த வேலையையே விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டி, தரையில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்த ஹெட்டைப் பார்த்தார். எத்தனை நாள் வேலை என்று கேட்டார். மூன்று வாரம் ஆகலாம் என்றேன். "அப்ப நிறுத்தாதீங்க. நான் இல்லாதப்ப ஓட்டுங்க," என்றார். மறுநாள் கதவில் தாள் இருந்தது.

இரண்டாவது வாரம் வியர்வை தாங்காமல் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தபோது ஒரு அலுமினியத் துணுக்கு கண்ணில் விழுந்தது. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கினேன். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சிஸ்டர், என்னை நாற்காலியில் தலை சாய்த்து உட்காரவைத்து, இமையைப் பின்பக்கமாக மடித்து, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி அதை வெளியே எடுத்தார். பிறகு ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடமும் அனுப்பினார். அன்றோடு அவர் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

அதன் பிறகு லீவு நாட்களில் மேலே வந்து எட்டிப் பார்ப்பார். மூன்று சிலிண்டர்களின் குழிவும் ஒரே கொள்ளளவாக இருக்கிறதா என்று அளக்க வேண்டியிருந்தது. நான் சமையலறை அளவுக் குவளையை வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்துவிட்டு, கீழே போய் ஒரு பெரிய சிரிஞ்சைக் கொண்டுவந்தார். குழிவின் மேல் நான் அக்ரிலிக் தகட்டை அழுத்திப் பிடிக்க, தகட்டிலிருந்த ஓட்டை வழியாக அவர் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். சிரிஞ்சைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி அளவைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு உத்தியோகத் தோரணை வந்துவிடும். ஒன்று மட்டும் அரை மில்லி குறைந்தது. அதைச் சரிசெய்து மறுபடி அளந்து மூன்றும் ஒன்றான போது, எனக்கு இருந்த சந்தோஷம் அவருக்கும் இருந்தது.

இதனால் என்ன லாபம் என்று அன்று கேட்டார். எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்றேன்.

"எங்கப்பாவுக்கு யாராவது இப்படி ராவி வுட்டா நல்லாயிருக்கும்," என்று சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சுரங்கத்துக்குள் வருடக்கணக்காக இழுத்த தூசு அவர் அப்பாவின் நுரையீரலில் படிந்திருந்தது. சமீபத்தில் கழிவறைக்குப் போய் வருவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்ததாம். தன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் சொல்லிப் படுக்கைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் அப்பா ஆம்புலன்ஸில் ஏற மாட்டார். சுரங்கத்து நாட்களில் ஆம்புலன்ஸில் போன சிநேகிதர்கள் யாரும் வீடு திரும்பியதில்லையாம். தெரிந்தவர் கார் என்றால் வருவார். உன் வண்டி ரெடியானதும் போய்க் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். நான் உடனே ஒத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம்.

வியாழக்கிழமை மாலையே ஆறு துளைகளும் முடிந்துவிட்டன. வெள்ளிக்கிழமை காலை ஹெட்டை மெக்கானிக்கிடம் கொடுத்தால் சனிக்கிழமை பூட்டிவிடுவார். கிளம்புமுன் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தேன். புகை வெளியேறும் கடைசித் துளையின் வளைவில், வார்ப்பிலேயே விழுந்த ஒரு சின்னப் புள்ளிப் பள்ளம். அதனால் எஞ்சினுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மற்ற ஐந்தும் கண்ணாடி மாதிரி இருந்தன. படம் எடுத்து என்னைப் போன்ற ஆர்வக்காரர்களின் குழுவில் போடுவதாகச் சொல்லி வைத்திருந்தேன். கதவுத் தாளைப் பார்த்தேன், வெள்ளி, காலை டூட்டி என்று இருந்தது. பத்தே நிமிஷம் என்று கிரைண்டரை ஓட்டினேன். பள்ளத்தைச் சீவச் சீவ அது ஆழமாகிக்கொண்டே போனது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, சத்தம் சட்டென்று மெலிந்து மாறியது. டார்ச் அடித்தேன். பளபளப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. குண்டூசியின் தலை அளவுதான். ஊதினேன். தண்ணீர் ஓடும் வழியில் காற்று வந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு ஹெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓட்டையைப் பற்றவைத்து, தண்ணீர் கட்டிச் சோதித்து, மேல்பரப்பை மறுபடி சீவ ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றார் மெக்கானிக். அன்று மாலை சிஸ்டரிடம் போய், மெக்கானிக் அவசரமாக ஊருக்குப் போய்விட்டார், அடுத்த வாரம்தான் ஆகும் என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

புதன்கிழமை விடியற்காலை அவர் அப்பா இறந்துபோனார்.

பத்து நாள் கழித்து சிஸ்டர் திரும்பி வந்தார். நான் கீழே போய் நின்றேன். துக்கம் விசாரிக்கத்தான் போனேன், ஆனால் வாயைத் திறந்ததும் மெக்கானிக் ஊருக்குப் போகவில்லை என்பதுதான் முதலில் வந்தது. அவர் கையமர்த்தினார்.

"தெரியும். ஞாயித்துக்கிழம லீவுக்காக டூட்டிய நைட்டுக்கு மாத்திக்கினேன். வெள்ளிக்கிழம காலையில கீழதான் படுத்திருந்தேன். நைட்டு முழுக்கத் தூக்கமில்ல, இருந்தும் மேல வந்து ஒன்னும் சொல்லல. எங்கப்பாவுக்காகத்தானே நீ ராவறன்னு கேட்டுக்கினே படுத்திருந்தேன். திடீர்னு நின்னுது. அப்புறம் உன் காலடியே கேக்கல. ஏதோ ஆயிடுச்சின்னு அப்பவே தெரிஞ்சிது."

அந்த ஒரு மணி நேரம் அவர் அப்பாவுக்காக இல்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ, அப்பா பிடிவாதக்காரர், கடைசியில் வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார், உன் வண்டி வந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டார் என்றார். நோயாளியின் வீட்டாரிடம் நர்ஸுகள் பேசும் நிதானமான குரலில் சொன்னார். நானும் நம்பிக்கொண்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு அவரை நான்தான் காரில் கூட்டிப்போனேன். மாலூர் தாண்டி ஒரு மேட்டில், இப்போது வண்டி நன்றாக இழுக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை சிஸ்டர் என்றேன். சாவுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மா வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்த வண்டிதானா?" என்று கேட்டார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"அன்னிக்கு ஏழு மணிக்கே வெள்ளச் சட்ட போட்டுக்கினு நாற்காலியில உக்காந்துட்டாரு. மத்தியானத்துக்கு மேலதான் இவ ஃபோன் பண்ணி வண்டி ரிப்பேருன்னா. சட்டையக் கழட்டாமலே சாப்புட்டாரு. எஞ்சின் வேலைன்னா அவசரப்படுத்தக் கூடாது, அந்தப் புள்ள பொறுமையா பண்ணட்டும்னாரு."

வாசற்படியில் நின்றிருந்த சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா, தம்பிக்கு டீ போடும்மா என்று மட்டும் சொன்னார். நான் முகம்கூடப் பார்த்திராத அந்த மனிதர் சுவரில் மாலைக்குள் இருந்தார். வெள்ளைச் சட்டைதான். அது அன்று போட்ட சட்டையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை நான் ராவியது ஒரு படத்துக்காக, நான்கு பேர் பாராட்டுவதற்காக என்று சொன்னேன். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தாபுரா நெரிசலில் வண்டி நின்றபோது, முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடி பேசினார்.

"டாக்ஸி புடிச்சிப் போயிடலாம்னுதான் நான் வீட்ல ஒன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சுது. ஆஃப் பண்ணிட்டு சும்மா கண்ண மூடினேன். முழிச்சப்ப மணி ஒன்னு."

பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். நான் கியரைப் போட்டேன். என்னைப் போல அவரும் ஒரு பொய் சொல்லியிருந்தார் என்பதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. இரவெல்லாம் மற்றவர்களின் அப்பாக்களைப் பார்த்துக்கொண்ட களைப்பு அவருடையது. என்னுடையதற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. அதையும் சொன்னேன். "போதும் வுடு தம்பி," என்றார்.

சிஸ்டர் இப்போது வேறு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குடிபோய்விட்டார். அந்தக் கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சிஸ்டரின் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, மாதம் ஒருமுறை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போகிறேன். எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழுக்கே போய் கேட் முன்னால் நிற்பேன். ஒவ்வொரு முறையும் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஏன் தம்பி இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட என்று கேட்பார். சிஸ்டர் இதுவரை கேட்டதில்லை.