அம்மா கோர்ட்டுக்குப் போன சனிக்கிழமை

விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் பேச்சு காதில் விழாது. தறிகளெல்லாம் சேர்ந்து "டக்கடா டக்கடா" என்று அடிக்கும்போது தரை நடுங்கும், சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும், பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தும்மினால் அந்தத் தும்மல் நமக்கே கேட்காது. அதனால் எங்களைப் போன்ற தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவோம். "நூல் அறுந்துட்ச்சி", "கரண்டு போச்சுன்னா சாப்ட வரேன்" எல்லாம் எங்களுக்கு உதட்டில் ஓடும் எழுத்துதான். தமிழா தெலுங்கா என்பதுகூட வாய் குவிவதை வைத்துத் தெரிந்துவிடும். நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டின் மாசி மாத வெயிலில், தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் உதடுகளில் இந்த இரண்டுமே அல்லாத ஏதோ ஒன்று ஓடுவதைக் கண்டேன். மின்விசிறி இருந்த பக்கமாக அவள் திரும்பியபோது முந்தானைக்குள்ளிருந்து காதுக்குப் போகும் கறுப்பு ஒயர் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் உதடு சட்டென்று மூடிக்கொண்டது.

அன்றைக்கு எனக்குள் ஒட்டிக்கொண்ட சந்தேகம் அவ்வளவு எளிதில் விடவில்லை.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து திருத்தணிக்கு வந்து, கூலிக்குத் தறியில் சேலை ஓட்டுகிறவர். கோபக்காரர், ஆனால் அதிகம் பேசமாட்டார். அவருடைய அக்கா, என் அத்தை, அடுத்த வீட்டிலேயே இருந்தாள். எங்கள் வீட்டுக் குழாயடி அவள் வீட்டு ஜன்னலுக்கு நேராக இருந்ததால், பாத்திரம் துலக்கும்போது அம்மா முணுமுணுத்தது முதலில் அவள் காதில்தான் விழுந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னை வாசலிலேயே பிடித்து நிறுத்தினாள்.

"ஏ பொண்ணே, நீதான் இங்கிலீஷு படிக்கிறியே. 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்'டுன்னா இன்னா அர்த்தம்? உங்கம்மா கொயாயாண்ட அதியே சொல்லிகினு கெடக்கறா."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். "பந்து உன் கோர்ட்டுல இருக்குதுன்னு வருது அத்த."

"பந்த வுடு. கோர்ட்டுன்னாளா இல்லியா?"

"ஆங். சொன்னாங்க."

அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் கோர்ட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் நடமாடும் இடம். வீட்டுப் பெண்பிள்ளை அங்கே போகிறாள் என்றால் அதற்கும் ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அத்தைக்குத் தோன்றியது, எனக்கும் தோன்றிவிட்டது. ஏனென்றால் முந்தைய ஆடிக் கிருத்திகையின்போது, காவடி எடுக்க வந்திருந்த சொந்தக்காரர் அத்தனைபேர் முன்னாலும், சாப்பாடு தாமதமானதற்காக நைனா அம்மாவை அறைந்திருந்தார். அவள் அழவில்லை. எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். அதற்குப் பிறகு பல நாள் அந்த வீட்டில் தறியின் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிறகு பேச்சு வந்தது, சிரிப்புகூட வந்தது, ஆனால் அந்த அடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவின் சொற்களை அன்றிலிருந்து நான் திருட்டுத்தனமாகச் சேர்க்க ஆரம்பித்தேன். "த்ரோ இன் த டவல்" என்று ஒரு நாள் உதட்டில் படித்தேன். துண்டை உள்ளே வீசு. அதே வாரம் கொடியில் காய்ந்த நைனாவின் சிவப்புத் துண்டு காணாமல் போயிருந்தது. "செண்ட் ஆஃப்" என்று இன்னொரு நாள். எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்த டீச்சரிடம் போய் அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "பிரிவு உபசார விழா. பத்தாவது அக்காங்களுக்கு நடத்துவோமே, அதான்," என்றார் அவர். யாரை யார் பிரியப் போகிறார்கள்?

ஒரு மதியம் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய போனை எடுத்து ஒயரைக் காதில் மாட்டினேன். ஒரு பெண்குரல், நிறுத்தி நிறுத்தி, இரண்டிரண்டு முறை சொன்னது: "டோன்ட் ஜம்ப் த கன். வெயிட் ஃபார் த விசில்." கன் என்றால் துப்பாக்கி. விசில் எனக்குப் புரிந்துவிட்டது, அது ரயில். விசில் ஊதும்வரை பொறுத்திரு, பிறகு ஏறிவிடு என்று அம்மாவின் ஊரான அரக்கோணத்துப் பக்கமிருந்து எவளோ என் அம்மாவுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிறாள். அதற்கப்புறம் திருத்தணி ஸ்டேஷனில் எந்த வண்டி ஊதினாலும் நான் எழுதுவதைப் போட்டுவிட்டு, அம்மா வீட்டில் இருக்கிறாளா என்று கொட்டகைக்கும் அடுப்படிக்கும் ஓடிப் பார்ப்பேன். "இன்னாடி, பேய் பாத்தவ மாறி வந்து நிக்கிற?" என்பாள் அம்மா. அவளைக் கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, பசிக்குது என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பேன்.

அத்தை சும்மா இருப்பவளா? நைனாவின் காதில் போட்டுவிட்டாள். கூடவே அவளே கண்டுபிடித்த இன்னொன்றையும் சேர்த்தாள்: "சனிக்கெழமையானா மலைக்கிப் போறேன்னு போறாளே, என்னிக்காச்சும் நெத்தியில துண்ணூறு பாத்தியா நீ? கால்ல செம்மண்ணு அப்பிகினு வரா. படிக்கட்டுல ஏதுடா செம்மண்ணு?"

நைனா தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். தறியை நிறுத்தினார், மறுபடி ஓட்டினார், அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்டார். அவர் அம்மாவிடம் நேராகக் கேட்பார், சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. என்னைப் போலவே அவரும் அவளைப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது பார்த்தார், அவள் தலை வாரும்போது பார்த்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேர் ஒருத்தியை உளவு பார்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், "மலைக்கிப் போய்ட்டு வந்துர்றேங்க," என்று அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் நைனா தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது அவர் எல்லாத் தறியையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. "ஏறு," என்று மொபெட்டைக் காட்டினார். சரவணப் பொய்கை வரைக்கும் தூரத்திலேயே வந்தோம். அவள் மலைப்படிகளின் பக்கம் திரும்பவில்லை. குளத்தைத் தாண்டி, சைக்கிள் கடையைத் தாண்டி, சர்ச்சு இருந்த சந்துக்குள் நுழைந்தாள். "வேதத்துல சேந்துட்டாளா?" என்று நைனா தனக்குள் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஆனால் அவள் சர்ச்சையும் தாண்டிப் போய், அதன் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள். மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, சுவர் இடிந்திருந்த இடத்தில் நின்று எட்டிப் பார்த்தோம்.

என் அம்மா ஓடிக்கொண்டிருந்தாள்.

சேலையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகி, தொலைந்துபோன சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசில் ஆட, செம்மண்ணில் வெறுங்காலோடு ஓடினாள். அதுவரை அவள் ஓடி நான் பார்த்ததேயில்லை. பின்னால் சின்னச் சின்னப் பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாக ஓடிவந்தார்கள். "வார்ம் அப் ஃபர்ஸ்ட்! லைன் அப்!" என்று கத்தினாள். பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். ஒரு குட்டி மட்டும் விசிலுக்கு முன்னாலேயே பாய்ந்து ஓட, அம்மா அவளைக் கையால் மறித்து, "நோ, நோ, டோன்ட் ஜம்ப் த கன்! வெயிட் ஃபார் த விசில்!" என்றாள். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ரயிலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. முந்திக்கொள்ளாதே என்று சொல்கிறாள், அவ்வளவுதான். இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

அழுகைச் சத்தத்தில் அம்மா திரும்பினாள். அவளுடன் தொப்பி வைத்த இன்னொரு பெண்ணும் வந்தாள். மெர்சி என்று பெயர். அரக்கோணத்தில் அம்மாவோடு ஒன்றாகப் படித்து, பள்ளி அணியில் த்ரோபால் ஆடியவள், இப்போது இங்கே ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பி.டி. டீச்சர் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. போனில் கேட்ட குரல் அவளுடையதுதான். 'செண்ட் ஆஃப்' என்பதும் தப்பாட்டம் ஆடியவரை வெளியே அனுப்புவதுதான் என்று அவள்தான் பிறகு சொன்னாள்.

நைனா மெர்சியைப் பார்க்கவில்லை. "கோர்ட்டுக்குப் போறியாமே," என்றார் அம்மாவிடம். குரல் அவருடையது போலவே இல்லை.

மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்பால் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளைக் காட்டி, "இதாண்ணா கோர்ட்டு! எங்க ஸ்கூல்ல சின்னப் பசங்களுக்கு கேம்ஸ் சொல்லித்தர ஆள் கேக்கறாங்க. பசங்ககிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும். அதான் வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பிச்சேன், மனப்பாடம் பண்ணிகினு, சனிக்கெழமையில எங்க பசங்களோட இங்க வந்து பழகிக்குது. நடுவுல வேணாம்னுச்சு, டவல வீசிடாதடீன்னு நான்தான் திட்டினேன். தோத்துட்டேன்னு விட்டுடாதங்கறதுக்கு அப்படிச் சொல்வாங்கண்ணா," என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நைனாவையே பார்த்தாள்.

"நான் கோர்ட்டுக்குப் போவேன்னு உங்களுக்கு ஏன் தோணிச்சு?"

சுற்றிலும் பிள்ளைகள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா அப்படியே அந்த இடிந்த சுவரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லிட்டு செய்லாம்னுதான் பாத்தேன்," என்றாள் அம்மா. "இங்கிலீஷு வாயில வருதா இல்லியான்னு தெரியாம சொன்னா நீங்களும் உங்கக்காவும் சிரிப்பீங்க. தறி ஓடும்போது சொல்லிப் பாத்தா ஒருத்தருக்கும் கேக்காது. இப்ப எல்லாம் வருது. நான் செய்ய வேண்டியத செஞ்சிட்டேன். இனிமே நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் இங்கிலீஷ்ல பந்து உங்க கோர்ட்டுல இருக்குதும்பாங்க."

நைனா விளையாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நான் அம்மாவோடு நடந்தேன், அவர் மொபெட்டை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். வாசலில் காத்துக்கொண்டிருந்த அத்தை, "இன்னாடா, எங்க இருந்தா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இனிமே அவ எங்க போறா வராள்னு எங்கிட்ட வந்து சொல்லாதக்கா," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு நைனா உள்ளே போனார். அம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேர்முகத்துக்குப் போன அன்று அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவர் அவர்தான். பத்துக் கேள்வியில் பாதிக்குமேல் புரியவில்லை என்று திரும்பி வந்து அம்மா சொன்னாள். இருந்தும் ஜூன் மாதம் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்தப் பழைய மைதானம் கிருத்திகைக்கு வரும் வண்டிகளை நிறுத்தும் இடமாகிவிட்டது. சுண்ணாம்புக் கோடுகள் இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். மெர்சி அக்கா வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அத்தை இன்று இல்லை. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். அம்மா முழங்கால் வலியோடு அதே பள்ளியில்தான் இருக்கிறாள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது வீட்டில் நைனா மட்டும் தனியாக டீ போட்டுக்கொண்டிருந்தார். அம்மா எங்கே என்று கேட்டேன்.

"வேலூரோ காஞ்சிபுரமோ, பசங்கள மேட்ச்சுக்கு இட்டுகினு போயிருக்கா. ராத்திரி அங்கியே தங்கறாங்களாம்."

"எந்த ஊருன்னுகூட கேக்கலியா நைனா?"

"வந்தா சொல்வா," என்றார், டீயை ஆற்றியபடி.

அவர் நெற்றியில் ஏதாவது சுருக்கம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வீட்டில் சந்தேகம் இன்னும் என் ஒருத்தியிடம்தான் மிச்சமிருக்கிறது போலும். "இன்னா அப்பிடி பாக்கற?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி, இன்னொரு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.