நேர் ரோடு இல்லாத கேம்

பட்டன் போன்களில் கேம் விற்ற காலம் அது. அட்டுவம்பட்டி என்ற மலையூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் கேம் ஒன்றைச் சென்னைக் கம்பெனிக்காகச் செய்துகொண்டிருந்தோம். அன்று அந்தக் கம்பெனி மேடமே நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

"ஏலே, இன்னைக்கு அவங்க வேண்டாம்னுட்டா ஆபீஸச் சாத்திர வேண்டியதுதான். வேற சோலி தேடிக்கங்க," என்றார் முதலாளி மார்ட்டின். நானாவது சென்னைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வேன். கூட வேலை பார்த்த யோகேஸ்வரிக்குப் பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையில் வீடு. அவள் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது.

ரோடுகளை நாங்கள் கையால் வரையவில்லை. எவல்யூஷனரி அல்காரிதம் வரையும்: ரோடுகளுக்கு மார்க் போட்டு, நல்லதை மட்டும் வைத்துக் கலந்து, தலைமுறை தலைமுறையாகப் புது ரோடுகளைப் பிறக்கவைக்கும் புரோகிராம். முதலில் எந்தெந்தக் கட்டத்தில் ரோடு என்று எழுதிப் பார்த்தோம். இரண்டு நல்ல ரோடுகளைப் பாதி பாதி வெட்டி ஒட்டிக் கிராஸ்ஓவர் செய்தால், பிறக்கும் ரோடு பாதியிலேயே அந்தரத்தில் நின்றது. அதனால் ரோட்டை எழுதும் முறையை, அதாவது ரெப்ரசன்டேஷனை, மாற்றினோம். இடது வளைவு, வலது வளைவு, கொண்டை ஊசி வளைவு என மூன்றே துண்டுகள்; அவைதான் ஜீன்கள். எப்படிக் கோத்தாலும் ரோடு அறுபடாது. அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

ஆனால் விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாம் தலை சுற்றுகிறது என்று போனை வைத்துவிட்டார்கள். அலுங்காமல் போகிற ரோட்டுக்கு ஃபிட்னெஸ் மார்க்கைக் கூட்டினேன். ஜீன்களை இஷ்டத்துக்கு மாற்றிவிடும் மியூட்டேஷனைக் கூட்டினேன், குறைத்தேன். எத்தனை தலைமுறை ஓடவிட்டாலும் ரோடு நெளிந்துகொண்டேதான் இருந்தது.

மேடம் கையில் எலுமிச்சம்பழத்தோடு முகம் வெளிறி வந்து இறங்கினார். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

"இந்த மலை ஏறி வந்ததே போதும்டா சாமின்னு இருக்கு, இதுலயும் அதேவா? ஒரு இடத்துலயாவது நேரா போகாதா?"

யோகேஸ்வரி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேரா போறதுக்கு நாம ஜீனே வைக்கலியே!"

மார்ட்டின், யோகேஸ்வரி, நான், மூவருமே மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். ரோடு என்றாலே எங்களுக்கு வளைவுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மேடம், ஒரு டீ குடிங்க. வெரசா மாத்திர்றோங்க," என்றார் மார்ட்டின்.

நேராகப் போவதற்கென்று நான்காவது ஜீனைச் சேர்த்தேன். ஓடவிட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தலைமுறைகள் மாற மாற, வளைவுகளுக்கு நடுவே நேர் ரோடு தலைகாட்டியது. மேடம் மறுபடி விளையாடினார். டீ ஆறிப்போனது, அவர் நிறுத்தவில்லை.

"சரி, இதையே முடிச்சு அனுப்புங்க."

யோகேஸ்வரி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

இன்று வேலைக்கு வரும் பிள்ளைகள் ஃபிட்னெஸ் பற்றியே கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஜீனில் இல்லாததை, எவ்வளவு மார்க் போட்டாலும் அல்காரிதம் கொண்டுவராது. உங்கள் ரெப்ரசன்டேஷனால் எதைச் சொல்லவே முடியாது என்று முதலில் பாருங்கள். அதை உங்கள் ஊர்க்காரரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், வெளியூர்க்காரரிடமும் கேளுங்கள்.