இரண்டு விரல் தளர்வு

கடந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, கீரமங்கலம் பூச்சந்தைக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்தது இது. பள்ளிப் பணிக்குக் கிளம்புமுன் எங்கள் தோட்டத்து முல்லையை மோட்டார் சைக்கிளில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது என் வழக்கம். அன்று இரண்டு மூட்டைகள். சந்தை கண்ணில் படும் தொலைவில் சங்கிலி அறுந்து சாலையில் விழுந்தது.

மூன்று மாதங்களுக்கு முன்புதான் சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் புதிதாக மாற்றியிருந்தேன். அதற்குள் பற்கள் கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தன. சினம் தலைக்கேற, வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்தை வாசலிலிருந்த பட்டறைக்குப் போனேன். மாற்றித் தந்தவர் அங்கே தொழில் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர்.

“போலிச் சாமானை மாட்டி ஏமாத்திட்டியேய்யா! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?”

பூ இறக்க வந்தவர்கள் கூடிவிட்டனர். “வண்டிய இங்கிட்டு விட்டா ஹாரனைக்கூடக் கழட்டிக்கிருவாரு போல” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தனர். பழுதுபார்க்க விட்டிருந்த இருவர் தம் வண்டிகளைத் திரும்ப எடுத்துச் சென்றனர். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஏலம் தொடங்கவே கூட்டம் கலைந்தது. பட்டறைக்காரர் குனிந்து, பின்சக்கர அச்சருகே படிந்திருந்த அழுக்கைத் துடைத்தார். சங்கிலி மாட்டியதும் அச்சு நிற்கும் இடத்தில் வெள்ளைக் கோடிட்டு வைப்பது அவர் வழக்கமாம். அச்சு அக்கோட்டைத் தாண்டி வெகுவாகப் பின்னே போயிருந்தது.

“சங்கிலிக்கு ரெண்டு வெரலு ஆட்டம் விட்டுத்தான் குடுத்தேன். யாரு சார் இறுக்குனது?”

நான்தான். சங்கிலியின் சடசடப்புப் பிடிக்காமல், வாரந்தோறும் வீட்டிலேயே திருகித் திருகி விறைக்க வைத்திருந்தேன்.

“வெறும் வண்டியிலயே வெறைப்பா இருந்தா, மூட்டைய ஏத்தி அமுங்கயில இன்னும் இழுக்கும்ல. பல்லு என்னத்துக்காகும்?”

தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார். மொட்டு மலந்துரும், எம் வண்டிய எடுத்துட்டுப் போங்க” என்று சாவியை நீட்டினார்.

அவர் வண்டியிலேயே சந்தைக்குள் போனேன். சற்றுமுன் சிரித்தவர்கள் அனைவரும் அங்கே இருந்தனர். “என்ன சார், அந்தாளை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டீங்களாமே!” என்று ஒருவர் பாராட்டினார். நான் மூட்டையை அவிழ்ப்பதிலேயே கண்ணாயிருந்தேன். பழியை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, மன்னிப்பை அவர் காதோடு முடித்துக்கொண்ட அந்தக் கோழையின்மீது எனக்கு மூண்ட சினம் இன்றுவரை ஆறவில்லை.